புல்தரை அமைக்க எந்த வழி நல்லது?

மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. பல ஊர்களில் பள்ளிக்கூட முற்றம் இப்படித்தான் இருக்கிறது. சுகாதார நிலையத்தின் முன்பக்கமும் இப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஓடி விழுந்தால் முழங்கால் சிராய்க்கிறது. மழைத் தண்ணீர் மேல் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. சில ஆண்டுகளில் மரத்தின் வேர் வெளியே தெரிகிறது.

இதற்கு ஒரு நல்ல மருந்து புல். புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. புழுதியைக் குறைக்கிறது. மழைத் தண்ணீர் ஓடும் வேகத்தையும் குறைக்கிறது. ஆகவே, புல்தரை என்றால் பணக்காரர் வீட்டுத் தோட்டம் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கும் அது வேண்டும். ஊர்ப் பொது இடத்துக்கும் வேண்டும்.

ஆனால் புல் வளர்க்கப் பணம் வேண்டும். தண்ணீர் வேண்டும். ஆள் உழைப்பு வேண்டும். வழி தெரியாமல் தொடங்கினால் மூன்றும் வீணாகும். புல் காய்ந்து போகும். கோரை முளைத்து நிற்கும்.

புல்தரை அமைக்க முக்கியமாக நான்கு வழிகள் உண்டு. விதை தூவுவது ஒன்று. வேரோடு கூடிய புல்லை நடுவது ஒன்று. புல்லை நறுக்கிச் சாணத்தோடு கலந்து பூசுவது ஒன்று. வளர்ந்த புல்லை மண்ணோடு வெட்டி வந்து பதிப்பது ஒன்று. இவற்றில் எது நல்லது? இடத்தைப் பார்த்து, பணத்தைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எந்தப் புல்?

நம் நாட்டின் சமவெளிகளுக்கு ஏற்ற புல் அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்தான். இந்தியில் இதைத் 'தூப்' என்பார்கள். கன்னடத்தில் 'கரிகே' என்பார்கள். தெலுங்கில் 'கரிக' என்பார்கள். நாடு முழுவதும் தெரிந்த புல் இது.

அருகம்புல்லின் தண்டு தரையில் படர்ந்து ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். மண்ணுக்கு அடியிலும் அதன் தண்டு ஓடும். அதனால்தான் மிதித்தாலும் சாகாது. வெட்டினாலும் துளிர்க்கும். வறட்சியில் காய்ந்தது போலக் கிடக்கும். மழை பெய்தால் மறுபடியும் பச்சை காட்டும்.

அதற்கு ஒரு குறை உண்டு. நிழல் பிடிக்காது. அடர்ந்த மரத்தடியில் அருகம்புல் நன்றாக வளராது. அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. வட இந்தியாவில் குளிர்காலத்தில் அது நிறம் மங்கிப் பழுப்பாகும். செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெயில் வந்ததும் துளிர்க்கும்.

நகரங்களில் கொரியன் புல் விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விலை கூடுதல். மெதுவாகத்தான் பரவும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு அருகம்புல்லே போதும்.

ஓர் எச்சரிக்கை. வயலில் அருகு ஒரு களை. புல்தரைக்குப் பக்கத்தில் பயிர் நிலம் இருந்தால், நடுவில் வரப்போ கல் வரிசையோ வையுங்கள். எல்லை தாண்டும் தண்டை அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

முதல் வேலை நிலத்தைத் திருத்துவது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். நிலத்தைத் திருத்த வேண்டும். இதில் சோம்பல்பட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

கோடையில் நிலத்தைக் கொத்துங்கள். ஒரு முழம் ஆழம் கொத்தினால் மிகவும் நல்லது. முடியாவிட்டால் அரை முழமாவது கொத்த வேண்டும். கல், கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக், ஆணி எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும் இடம் அது. கொத்திய மண்ணைச் சில வாரம் வெயிலில் காய விடுங்கள்.

அடுத்தது கோரை. புல்தரைக்குப் பெரிய எதிரி கோரைதான். மேலே வெட்டினால் அது சாகாது. மண்ணுக்குள் அதன் கிழங்கு இருக்கிறது. ஆகவே நிலத்தை ஒரு முறை நனையுங்கள். கோரை முளைத்து வெளியே தெரியும். அப்போது கிழங்கோடு தோண்டி எடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். கோடை மழை பெய்தால் நனைக்கும் வேலையும் மிச்சம்.

பிறகு நன்றாக மக்கிய தொழுவுரம் போடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் போடலாம். மக்காத எருவைப் போட்டால் அதில் உள்ள களை விதையும் சேர்ந்து முளைக்கும்.

கடைசியாக, பரம்புப் பலகையால் நிலத்தைச் சமப்படுத்துங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கக் கூடாது. கட்டடத்தின் பக்கம் சற்று மேடாக இருக்கட்டும். வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும். 10 மீட்டருக்கு 10 செண்டிமீட்டர் சரிவு இருந்தால் மழைத் தண்ணீர் தானே வடியும்.

இனி ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளி முற்றம். நீளம் 20 மீட்டர். அகலம் 10 மீட்டர். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் பரப்பு தெரியும். 20 × 10 = 200 சதுர மீட்டர். இந்த இடத்துக்கு நான்கு வழிகளையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வழி: விதை தூவுவது

அருகம்புல் விதை மிகவும் சிறியது. ஒரு ஹெக்டேருக்கு 25 முதல் 30 கிலோ விதை வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அப்படியானால் 200 சதுர மீட்டருக்கு 500 முதல் 600 கிராம் போதும்.

விதையை அப்படியே தூவினால் ஓர் இடத்தில் அதிகம் விழும். ஓர் இடத்தில் விழாது. ஆகவே விதையைப் போல் இரண்டு பங்கு மணல் கலந்துகொள்ளுங்கள். அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை நீளவாட்டில் நடந்து தூவுங்கள். மறு பாதியைக் குறுக்குவாட்டில் நடந்து தூவுங்கள். மேலே மிக மெல்லியதாக மண் மூடினால் போதும். ஆழத்தில் விழுந்த விதை முளைக்காது. தண்ணீரைப் பூவாளியால் மட்டுமே தெளிக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போகும்.

முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். சில சமயம் இன்னும் நாள் ஆகும். அதுவரை மேல் மண் காயக் கூடாது. எறும்பு விதையை இழுத்துப் போகும். பெருமழை பெய்தால் விதை கரைந்து போகும்.

விதை வாங்கும்போது பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். எந்தத் தேதி வரை விதைக்கலாம்? நூற்றுக்கு எத்தனை விதை முளைக்கும்? இரண்டையும் பார்த்து வாங்குங்கள். பழைய விதை மலிவாகக் கிடைக்கும். ஆனால் முளைக்காது.

இரண்டாம் வழி: வேரோடு நடுவது

இதுதான் செலவு குறைந்த வழி. நம் நாட்டில் பலரும் கைக்கொள்ளும் வழி.

அருகம்புல்லை வேரோடு பிடுங்கி வருவார்கள். சிறு சிறு கொத்தாகப் பிரிப்பார்கள். ஈர மண்ணில் ஒரு சாண் குச்சியால் குழி போட்டு நடுவார்கள். வேரும் ஒரு கணுவும் மண்ணுக்குள் இருக்க வேண்டும். நுனி வெளியே இருக்க வேண்டும். நட்டதும் விரலால் மண்ணை அழுத்திவிட வேண்டும்.

எத்தனை கொத்து வேண்டும்? 10 செண்டிமீட்டருக்கு ஒன்று நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கொத்து. 200 சதுர மீட்டருக்கு 20,000 கொத்து. 15 செண்டிமீட்டருக்கு ஒன்று நட்டால் சுமார் 9,000 கொத்து போதும். நெருக்கி நட்டால் சீக்கிரம் மூடும். இடைவெளி விட்டு நட்டால் வேலை குறையும். ஆனால் மூட நாள் ஆகும். இடையில் களையும் கூடுதலாக முளைக்கும்.

புல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வயலில் களையாகப் பிடுங்கும் அருகைக் கேட்டால் உழவர் தந்துவிடுவார். களைக்கொல்லி அடித்த வயல் புல்லை மட்டும் வாங்க வேண்டாம். அது பிழைக்காது. பிடுங்கிய புல்லை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அன்றைக்கே நடுவது நல்லது.

இந்த வழியில் பொறுமை வேண்டும். தரை முழுவதும் மூட மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். அதுவரை களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் வழி: சாணத்தோடு பூசுவது

அருகம்புல்லை இரண்டு, மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நறுக்கிய புல் இரண்டு கூடை, தோட்ட மண் ஒரு கூடை, பசுஞ்சாணம் ஒரு கூடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மண்வெட்டி அளவு விறகுச் சாம்பலும் சேருங்கள். தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். நிலத்தை நனைத்துவிட்டு இந்தக் கலவையை ஓர் அங்குலக் கனத்தில் பூசுங்கள். மேலே வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் துளிர் வரும். பிறகு வைக்கோலை மெல்ல எடுத்துவிடுங்கள்.

இது சீராக மூடும். ஆனால் கலவை நிறைய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் கலவை பிடிக்கும். அதாவது இரண்டு வாளி. 200 சதுர மீட்டருக்கு 400 வாளி! ஆகவே பெரிய இடத்துக்கு இது சரிப்படாது. வீட்டு வாசல் போன்ற சிறிய இடத்துக்குச் சரிப்படும்.

கையில் புண் இருப்பவர் சாணம் பிசையக் கூடாது. வேலை முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நான்காம் வழி: புல் பத்தை பதிப்பது

வளர்ந்த புல்லை இரண்டு அங்குல மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டி எடுப்பார்கள். இதைப் புல் பத்தை என்பார்கள். இவற்றைச் செங்கல் போல ஒட்டி ஒட்டி வைப்பார்கள். இடைவெளியில் மண் போட்டு நிரப்புவார்கள். மேலே திமிசுக் கட்டையால் தட்டுவார்கள். நன்றாகத் தண்ணீர் விடுவார்கள். ஒரே நாளில் தரை பச்சையாகிவிடும்.

ஆனால் வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் தண்ணீர் தவறினால் ஒரே நாளில் வந்த பச்சை சில நாளில் போய்விடும்.

நான்கு வழியிலும் இதுவே செலவு மிகுந்தது. பத்தையைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். 200 சதுர மீட்டர் என்பது சுமார் 2,150 சதுர அடி. சதுர அடிக்கு ஒரு ரூபாய் கூடினாலும் 2,150 ரூபாய் கூடிவிடும். ஆகவே இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வண்டி வாடகை சேர்ந்ததா? பதிக்கும் கூலி சேர்ந்ததா? காய்ந்துபோன பத்தைக்கு வேறு தருவார்களா? எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். படித்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

பத்தையைப் புரட்டிப் பாருங்கள். அடியில் கோரைக்கிழங்கு இருக்கிறதா? இருந்தால் வாங்க வேண்டாம். நீங்கள் தோண்டி எடுத்த எதிரியைக் காசு கொடுத்துக் கொண்டு வந்ததாக ஆகும்.

செலவில்லாமல் கிடைக்கிறதே என்று ஏரிக்கரையில் பத்தை வெட்டுவார்கள் சிலர். அது கூடவே கூடாது. கரையைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்தான். அதை வெட்டினால் மழைக்காலத்தில் கரை அரித்துப் போகும்.

தண்ணீர்க் கணக்கு

நான்கு வழிகளையும் பார்த்தாயிற்று. இனி முக்கியமான கணக்கு. மழை இல்லாத நாளில் புதிய புல்லுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். 200 சதுர மீட்டருக்கு 1,000 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தால் சுமந்தால் 67 குடம். அதுவும் ஒரு நாளைக்கு! மூன்று வாரத்துக்கு 21,000 லிட்டர்.

2019இல் மத்திய அரசு ஜல் ஜீவன் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது அதன் அளவு. 1,000 லிட்டர் என்பது 18 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். கோடையில் ஊரார் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, அந்தத் தண்ணீரைப் புல்லுக்கு விடுவது நியாயமா?

நகரத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. குடிநீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது என்று அந்த நகரக் குடிநீர் வாரியம் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. பூங்காவின் பசுமை பெரிதா, குடிக்கும் தண்ணீர் பெரிதா என்றால், குடிக்கும் தண்ணீர்தான் பெரிது.

அப்படியானால் புல்லே வேண்டாமா? வேண்டும். தண்ணீரை மழையிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். கை கழுவும் தண்ணீரையும் வாய்க்கால் வெட்டிப் புல்லுக்குத் திருப்பலாம்.

எந்தக் காலம்?

மழை தொடங்கும் காலமே நடும் காலம். தென்மேற்குப் பருவமழை வழக்கமாகக் கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும். மும்பைக்கு ஜூன் 11 வாக்கில் வரும். டில்லிக்கு ஜூன் 27 வாக்கில் வரும். சில ஆண்டு முன்னும் வரும், பின்னும் வரும். ஏப்ரல், மே மாதங்களில் நிலத்தைத் திருத்தி வைத்தால், இரண்டு நல்ல மழை பெய்ததும் நடலாம். வட இந்தியாவில் ஜூலையிலேயே நட்டுவிட்டால், குளிர் வருவதற்குள் புல் பரவிவிடும். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களுக்குப் பெரிய மழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. அங்கே அதற்கு ஏற்றபடி நாளைத் தள்ளிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எந்த வழி?

பணம் குறைவு, உழைக்க ஆள் உண்டு, பொறுமை உண்டு என்றால் வேரோடு நடுவதே நல்லது. பெரும்பாலான ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் இதுவே ஏற்றது.

இடம் மிகப் பெரியது, சமதரை, தினமும் தெளிக்கத் தண்ணீர் உண்டு என்றால் விதை தூவலாம். சரிவான இடத்தில் விதை தூவ வேண்டாம். மழை அடித்துக்கொண்டு போகும்.

இடம் சிறியது, சாணமும் புல்லும் கையருகே கிடைக்கும் என்றால் பூசலாம்.

சரிவான இடம், மண் உடனே அரிக்கிறது என்றால் புல் பத்தை பதிக்கலாம். சரிவில் ஒவ்வொரு பத்தையிலும் மூங்கில் குச்சி அடித்து நிறுத்த வேண்டும். முற்றம் முழுவதும் பத்தை வாங்கப் பணம் இருக்காது. சரிவுக்கு மட்டும் பத்தை வாங்கலாம். சமதரையில் வேரோடு நடலாம். இரண்டு வழியைச் சேர்த்துச் செய்வதில் தவறே இல்லை.

இன்னொரு யோசனையும் உண்டு. முழு முற்றத்தையும் ஒரே ஆண்டில் தொட வேண்டாம். பாதி இடத்தில் இந்த மழைக்கு நடுங்கள். மறு பாதியில் பிள்ளைகள் விளையாடட்டும். அடுத்த மழைக்கு, வளர்ந்த பாதியிலிருந்தே புல் எடுத்து மறு பாதியில் நடலாம். உழைப்பும் பாதியாகும். தண்ணீரும் பாதியாகும்.

நட்ட பிறகு

முதல் இரண்டு மாதம் முள் வேலி போட்டு ஆடு மாடு வராமல் காக்க வேண்டும். ஆளும் மிதிக்கக் கூடாது. வாரம் ஒரு நாள் களை எடுங்கள். புல் மூன்று அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு. அரிவாள் கூர்மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புல் வேரோடு வந்துவிடும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள். வெட்ட வெட்டப் புல் பக்கவாட்டில் பரவும். வெட்டிய புல் மாட்டுக்குத் தீவனமாகும்.

வேர் நன்றாக ஓடிய பிறகு தினமும் தண்ணீர் வேண்டாம். சில நாளைக்கு ஒரு முறை ஆழமாக நனைத்தால் போதும். கோடையில் புல் பழுத்தால் பழுக்கட்டும். மழை வந்ததும் அருகு திரும்பவும் துளிர்க்கும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் புல்தரை தேவைப்படும் பொது இடம் எது? அதன் நீளம், அகலம் எவ்வளவு? பரப்பைக் கணக்கிடுங்கள்.
2. அந்த இடத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் வேண்டும்? அது எங்கிருந்து வரும்?
3. அந்த இடம் சமதரையா, சரிவா? வெயில் படுமா?
4. நான்கு வழிகளில் எது உங்களுக்கு ஏற்றது? ஏன்?
5. நட்ட பிறகு வாரம்தோறும் களை எடுக்கப் போவது யார்? பெயர்களை இப்போதே எழுதி வையுங்கள்.